கோடியக்கரையில் பார்க்க என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயாவுக்கு,

கடலோர நடைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், 'மலையேற முடியாதவர்கள் கோடியக்கரைக்குப் போகலாம். மணல்மேடு, காடு, சரித்திரம் மூன்றும் ஒரே நடையில் கிடைக்கும்' என்று ஒரு வரி வந்தது. அதை நம்பி, ஏப்ரல் கடைசியில் அறுபத்தெட்டு வயதான என் அம்மாவையும் நான்காம் வகுப்பு முடித்த மகனையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து போய்வந்தேன். நடப்பதில் சிரமமே இல்லை. அம்மா ஓரிடத்தில்தான் உட்கார்ந்தார். ஆனால் என்ன பார்த்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சோழர் காலக் கலங்கரை விளக்கம் என்றார்கள். செங்கல் துண்டுகள் கிடந்தன. ராமர் பாதம் ஒரு சின்ன மேடு. காடு ஆளுயரப் புதராக இருந்தது. பூநாரை ஒன்றுகூட இல்லை. மகன் மணலில் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, "அம்மா, இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்டான். நாங்கள் எதைத் தவறவிட்டோம்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் கேட்டது சரியான கேள்வி. ஆயிரம் வருடங்களுக்கு முன்பு கடலிலிருந்து அந்தக் கரையைத் தேடிய மாலுமிகளும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து நேராக இறங்கிவந்து கோடியக்கரையில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. வங்கக் கடலிலிருந்து பாக் நீரிணைக்குள் போகிற கப்பல் அந்த மூலையைச் சுற்றித்தான் போகவேண்டும். ஆனால் அங்கே கண்ணுக்கு அடையாளமாக ஒரு குன்றோ பாறையோ கிடையாது. நீங்கள் 'சின்ன மேடு' என்று எழுதிய ராமர் பாதம்தான் அந்த நிலமுனையிலேயே உயரமான இடம்; கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 4 மீட்டர். நீரிணையோ ஆழம் குறைந்தது, மணல்திட்டுகள் நிறைந்தது. கரை தெளிவாகத் தெரியும் வரை காத்திருந்தால் கப்பல் தரைதட்டிவிடும். பார்க்க ஒன்றும் இல்லாத இடம் என்பதால்தான் அங்கே விளக்கு ஏற்றினார்கள்.

நீங்கள் பார்த்த செங்கற்கள் அந்த விளக்கினுடையவை. முதலாம் பராந்தகன் காலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது என்று சொல்லப்படுகிறது. 2004 டிசம்பர் 26 வரை அதன் இடிந்த அடிக்கட்டாவது நின்றுகொண்டிருந்தது. சுனாமி அதையும் சரித்துவிட்டது. அதற்குச் சில வருடங்களுக்கு முன்பு அதன் மேல் கைவைத்து நின்றவன் நான். சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடங்களில் செங்கல்லின் ஓரம் காற்றில் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. இன்று அது துண்டுகளாகக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்குத் துக்கமாக இருக்கிறது. ஆனாலும் அதே மூலையில் ஆங்கிலேயர் காலத்து விளக்கும் இருக்கிறது, நம் காலத்தில் எழுந்த உயரமான விளக்கும் இருக்கிறது. தேவை மாறவில்லை. உங்கள் மகனை ராமர் பாதத்தின் மேல் நிறுத்தி, "இதுதான் இந்த ஊரின் மலை" என்று சொல்லியிருந்தால் அவனுக்கு விளக்கின் கதை உடனே புரிந்திருக்கும். இதையெல்லாம் எழுதாமல் ஒரே வரியில் கடந்தது என் பிழைதான்.

மாதத்தைக் குறிப்பிடாததும் பிழை. பூநாரைகளும் வடக்கேயிருந்து வலசைவரும் உள்ளான்களும் அக்டோபரில் வரத் தொடங்கும். ஜனவரியில் சதுப்பு நிலம் முழுக்கப் பறவையாக இருக்கும். ஏப்ரல் கடைசியில் பெரும்பாலானவை கிளம்பிவிட்டிருக்கும்.

இனி மணல்மேடு. எனக்கு அதிகம் சொல்ல இருப்பது இதைப் பற்றித்தான். மேட்டின் கடல்பக்கத்துச் சரிவில் ஊதாப் பூவோடு ஒரு கொடி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது அடும்பு. கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்துக்கொண்டு போகும். அதன் இலை நுனியில் பிளந்து இரண்டு மடலாக இருக்கும். 'மானடி அன்ன கவட்டிலை அடும்பின்' என்கிறது குறுந்தொகை. கல்லூரியில் படித்தபோது தேர்வுக்கான உவமையாக அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பிறகு ஒரு ஜனவரிக் காலையில் கோடியக்கரையில் ஒரு மணல்மேட்டின் அடியில் உட்கார்ந்தேன். இரவில் ஒரு வெளிமான் அந்த வழியாகப் போயிருந்தது. பனியில் நனைந்த மணலில் குளம்பு பதிந்து, விளிம்பு இன்னும் சரியாமல் இருந்தது. நடுவில் ஒரு பிளவு, இருபுறமும் இரண்டு மடல். ஒரு சாண் தள்ளி அடும்பின் இலை. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. அந்தப் புலவர் ஒரு கடற்கரையில் குனிந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்று அன்று தெரிந்துகொண்டேன். வெயில் ஏறியதும் மணல் உலர்ந்து குளம்படி உதிர்ந்து போயிற்று.

அடும்புக்குப் பக்கத்திலேயே இராவணன் மீசை என்கிற முள்புல் இருக்கும். அதன் காய்ந்த கதிர் முள்பந்து போல் இருக்கும். காம்பு விட்டதும் காற்றில் உருண்டோடும். உங்கள் மகன் அதைத் துரத்தியிருந்தால் ஒரு மணி நேரம் உங்களைக் கேள்வி கேட்டிருக்க மாட்டான். மணல்மேட்டைக் கட்டுவது இந்த இரண்டு செடிகளும்தான். காற்று கொண்டுவரும் மணல் இவற்றில் தடுக்கி விழுகிறது. செடி புதைகிறது, புதைந்த இடத்திலிருந்து மேலே தளிர்க்கிறது, மறுபடி மணல் விழுகிறது. புயலில் கடல் கரையை அரிக்கும்போது இந்தச் சேமிப்பிலிருந்துதான் மணல் போகிறது. அமைதியான மாதங்களில் அலையும் காற்றும் அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அதனால் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகள் சறுக்கி விளையாடுவதாக இருந்தால் செடி இல்லாத சரிவில் மட்டும் விடுங்கள்.

காட்டைப் புதர் என்று எழுதியிருந்தீர்கள். அதன் தரையைக் காலால் கொஞ்சம் கிளறியிருந்தால் சருகுக்குக் கீழே மணல் தெரிந்திருக்கும். மணலின் மேல்தான் அந்தக் காடே நிற்கிறது. அதை உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை வாங்கிக்கொண்டு, தடித்த சிறிய இலைகளோடு கோடை முழுவதும் பச்சையாகவே நிற்கும். உப்புக்காற்று கொழுந்தைக் கருக்குவதால் கடலோரத்து மரங்கள் உயர முடியாது. ஆளுயரத்தில் இருப்பதால் அது இளமரம் என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே போகப்போகப் பெரிய பாலை மரங்கள் வரும். வயதான பாலையின் அடிமரத்தைத் தொட்டுப் பாருங்கள், பாறை போல இருக்கும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் இந்தக் காட்டைப் புரட்டிப்போட்டது. அந்த வருடம் அங்கே போக எனக்கு மனம் வரவில்லை. இப்போது விழுந்த மரங்களுக்கு நடுவே புதுக் கிளைகள் எழுந்திருக்கின்றன.

உங்கள் அம்மாவை மனதில் வைத்து இன்னொன்று. கோடியக்காட்டில் குழகர் கோயில் இருக்கிறது. சுந்தரர் அங்கே வந்து நின்று பாடிய பதிகம் தேவாரத்தில் உண்டு. அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். கடற்காற்று கடிதாக வந்து மோதும் இந்தக் கரையில் பக்கத்தில் ஒரு குடி இருந்தால் குற்றமா, உமக்கு யார் துணையாக இங்கே இருந்தீர் என்று இறைவனிடமே கேட்கிறார். தனியாக இருக்கும் ஒருவரைப் பார்த்து மனம் பொறுக்காமல் கேட்கும் கேள்வி அது. மணல்மேட்டில் காற்று முகத்தில் அறைந்த பிறகு இந்தக் கோயிலுக்குப் போனால் அந்தப் பாட்டு வேறு மாதிரி கேட்கும். அதனால் கோயிலைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் போனதில் ஒரு பேறும் இருந்தது. வேதாரண்யத்திலிருந்து வரும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்பளங்களைக் கடந்திருப்பீர்கள். உப்பு விளைகிற காலம் அது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, 28 அன்று வேதாரண்யம் வந்து, 30 அன்று அகஸ்தியம்பள்ளியில்தான் உப்பை அள்ளினார்கள். சுமார் 240 கிலோமீட்டர். நீங்கள் போன அதே வெயில். நினைவுத் தூணருகில் வண்டியை நிறுத்தி, பாத்தியின் ஓரத்தில் உப்பு பூத்திருப்பதை உங்கள் மகனுக்குக் காட்டியிருக்கலாம்.

மறுபடி போங்கள், ஜனவரியில். முதல் நாளே வேதாரண்யத்தில் தங்கிவிடுங்கள். விடிந்ததும் வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அவர்கள் காட்டும் பாதையில் மட்டும் நடங்கள். குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். வெளிமான்கள் தலைநிமிர்ந்து பார்த்தால் அதற்கு மேல் நெருங்க வேண்டாம். வெயில் ஏறுவதற்குள் மணல்மேட்டைப் பார்த்துவிடுங்கள், குளம்படிகள் அப்போதுதான் இருக்கும். ஒரு குளம்படியையும் பக்கத்தில் ஓர் அடும்பிலையையும் உங்கள் மகனை விரலால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எது பெரிது என்று அவனே எனக்குக் கடிதம் எழுதட்டும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.