பிடிக்கலாம், தண்டிக்க முடியுமா?

கடற்கொள்ளையனை எந்த நாடும் பிடித்துத் தண்டிக்கலாம் என்று வகுப்பில் படித்தோம். பிறகு இந்தியா 2022-இல் தனியாகக் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் போட்டது எதற்கு?
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

படித்தது சரி, ஆனால் அது பாதி. திறந்த கடலில் கொள்ளைக் கப்பலை எந்த நாட்டுக் கடற்படையும் பிடிக்கலாம், பிடித்த நாட்டின் நீதிமன்றம் தண்டனை விதிக்கலாம் என்கிறது ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 105-ஆவது பிரிவு. 'விதிக்கலாம்' என்பது அனுமதி, அவ்வளவுதான். எந்தக் குற்றம், எத்தனை வருடம் என்பதை உள்நாட்டுச் சட்டம் சொல்லியிருக்க வேண்டும். செய்த காலத்தில் நடப்பிலிருந்த சட்டத்தை மீறியிருந்தால்தான் ஒருவரைத் தண்டிக்க முடியும் என்று நம் அரசியலமைப்பின் 20(1) சொல்கிறதே, அந்த விதி கடலில் பிடிபட்டவனுக்கும் உண்டு.

'அலோண்ட்ரா ரெயின்போ' கதையைக் கேளுங்கள். 1999 அக்டோபரில் இந்தோனேசியாவிலிருந்து அலுமினியம் ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஜப்பானியர் கப்பல். கொள்ளையர் அதைக் கைப்பற்றி, 17 பணியாளர்களை மிதவையில் ஏற்றிக் கடலில் விட்டுவிட்டார்கள். பத்து நாள் போல மிதந்தவர்களைத் தாய்லாந்து மீன்பிடிப் படகு ஒன்று காப்பாற்றியது. கப்பலோ புதுப் பெயர் பூசிக்கொண்டு அரபிக் கடல் வரை வந்துவிட்டது. நவம்பரில் நம் கடலோரக் காவல்படையும் கடற்படையும் துரத்திப் பிடித்தன. உலகமே பாராட்டியது.

அப்புறம்தான் சிக்கல். பிடிபட்டவர்கள் இந்தோனேசியர்கள், கப்பல் நம்முடையது அல்ல, கொள்ளை நடந்ததும் நம் கடலில் அல்ல, நம்மிடம் கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டமும் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கொள்ளைப் பிரிவுகளையும் இன்னும் சிலவற்றையும் ஒட்டுப்போட்டுத்தான் வழக்கை நடத்தினார்கள். மும்பை செஷன்ஸ் நீதிமன்றம் 2003-இல் 14 பேருக்கு ஏழு ஆண்டு கொடுத்தது. 2005-இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அதற்குப் பிறகும் தனிச் சட்டம் வர 17 வருடம் ஆனது என்பது நம் நாடாளுமன்றத்தின் வேகம்.

நாம் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஜெர்மன் கடற்படை பிடித்து ஒப்படைத்த சோமாலியர்களை விசாரிக்கத் தங்கள் நாட்டு நீதிமன்றங்களுக்கு அதிகாரமே இல்லை என்று கென்யாவில் மொம்பாசா உயர் நீதிமன்றம் 2010-இல் சொன்னது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருத்த இரண்டு வருடம் ஆயிற்று.

எதையும் கொள்ளையடிக்காதவன் கடற்கொள்ளையனா? அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் இதற்காகவா அடித்துக்கொண்டார்கள்?
– வழக்குரைஞர், திருநெல்வேலி

இதற்காகத்தான். அங்கே கடற்கொள்ளையை வரையறுத்துத் தண்டிக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பே காங்கிரசுக்கு, அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. ஆனால் 1819-இல் சட்டம் எழுதியவர்கள் வரையறுக்கும் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 'நாடுகளின் சட்டம் (சர்வதேசச் சட்டம்தான்) எதைக் கடற்கொள்ளை என்கிறதோ அது' என்று எழுதி முடித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஜோசப் ஸ்டோரி, கடலில் நடக்கும் கொள்ளைதான் அது, இதில் குழப்பமே இல்லை என்று தீர்ப்பளித்து, பல பக்கம் நீளும் அடிக்குறிப்பையும் சேர்த்தார். (குழப்பமே இல்லாத விஷயத்துக்கு ஏன் அவ்வளவு பெரிய அடிக்குறிப்பு என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.)

2010-இல் சிறு படகில் வந்த சோமாலியர்கள் இரண்டு கப்பல்களை நோக்கிச் சுட்டார்கள். இரண்டுமே சரக்குக் கப்பல் அல்ல, அமெரிக்கப் போர்க்கப்பல்கள்! இரு வழக்குகளும் வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில், ஒரே நீதிமன்றத்தில். எதையும் எடுக்கவில்லையே, ஸ்டோரியின் இலக்கணப்படி இது கடற்கொள்ளை ஆகாது என்று ஒரு நீதிபதி அந்தக் குற்றச்சாட்டைத் தள்ளினார். நாடுகளின் சட்டம் 1820-இல் உறைந்து நிற்கவில்லை, இன்று கப்பல்மீது நடத்தும் வன்முறையே போதும் என்றார் இன்னொருவர். 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டாமவர் பக்கம் சாய்ந்தது. இந்த விரிந்த இலக்கணம் இருப்பது ஐ.நா. உடன்படிக்கையில், அமெரிக்காவோ அதில் சேரவே இல்லை. ஆனாலும் அது உலக நாடுகளின் வழக்கமாகிவிட்டது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

தன் நாட்டுச் சட்டப் புத்தகத்தைப் பார்த்தே ஒருவன் குற்றம் எது என்று தெரிந்துகொள்ள முடியாதபோது அவனுக்குக் கட்டாய ஆயுள் தண்டனை கொடுக்கலாமா என்பது ஒரு தரப்பு. நடுக்கடலில் துப்பாக்கியால் சுட்டவனுக்கு அது தப்பு என்று தெரியாதா என்பது மறுதரப்பு. மனசு இரண்டாவது பக்கம்தான் போகிறது. ஆனால் வரையறுக்கச் சொல்லி அதிகாரம் பெற்றவர்கள் அந்த வேலையை வெளியே தள்ளிவிட்டது சரியில்லை என்ற வாதத்துக்கு இன்னும் நல்ல பதிலை நான் படிக்கவில்லை.

நடுக்கடலில் கைதானவனை 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவது எப்படி?
– வாசகர், நாகப்பட்டினம்

முடியாது, அரசியலமைப்பின் 22-ஆவது உறுப்பும் அப்படிக் கேட்கவில்லை. பயண நேரத்தைக் கழித்துத்தான் அது 24 மணி கணக்குப் போடுகிறது. 2024 மார்ச்சில், கொள்ளையர் கடத்திய 'ருவென்' கப்பலில் நம் கடற்படையிடம் சரணடைந்த 35 சோமாலியர்கள், இந்தியக் கரையிலிருந்து ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் மும்பை வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் கரைக்கு வந்த பிறகு சாக்குச் சொல்ல முடியாது. பிரான்ஸ் அங்கேதான் மாட்டியது. 2008-இல் பிடித்த சோமாலியர்களைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்து, நீதிபதியிடம் அனுப்பாமல் மேலும் இரண்டு நாள் போலீஸ் காவலில் வைத்தது. 2014-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கொள்ளை வழக்கில் சிக்கிய அவர்களுக்கே நஷ்ட ஈடு கொடு என்றது. ஊரெல்லாம் கொதித்தது. எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை தெரியவில்லை.

கேரளக் கடலில் இத்தாலிய வீரர்கள் நம் மீனவர்களைச் சுட்டதும் கடற்கொள்ளை வழக்குதானே?
– மீனவர் சங்கப் பொறுப்பாளர், குளச்சல்

இல்லை, அதன் தலைகீழ். மீனவர்களைக் கடற்கொள்ளையர் என்று நினைத்ததாகச் சொல்லி 2012 பிப்ரவரியில் 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலிலிருந்து சுட்டார்கள். செத்த இருவரில் ஒருவர் உங்கள் மாவட்டத்துக்காரர். நடந்தது கரையிலிருந்து 20.5 கடல் மைலில், நம் ஆட்சிக்கடலோ 12 மைலோடு முடிகிறது. அதனால் கேரள அரசுக்கு அதிகாரம் இல்லை, மத்திய அரசு தனி நீதிமன்றம் அமைக்கட்டும் என்றது உச்ச நீதிமன்றம், 2013-இல். ஒரு பஞ்சாயத்து முடிந்தது என்று பார்த்தால், 2020-இல் சர்வதேசத் தீர்ப்பாயம் அந்த வீரர்கள் அரசுப் பணியாளர்கள், இந்தியா அவர்கள்மேல் வழக்கு நடத்த முடியாது, இத்தாலி நஷ்ட ஈடு தரட்டும் என்றது. இதில் வேடிக்கை, கடல் சட்ட உடன்படிக்கையில் அந்த வீரர்களின் விலக்குரிமை பற்றி ஒரு வரி கிடையாது. மூல வழக்கைத் தீர்க்கும் வழியில் வந்த கேள்வி என்று சொல்லித் தீர்ப்பாயமே அதை எடுத்துக்கொண்டது. 10 கோடி ரூபாய் வந்தது, 2021-இல் வழக்கு ரத்தானது. சுட்டது குற்றமா இல்லையா என்று இந்திய நீதிமன்றம் எதுவும் கடைசிவரை விசாரித்து முடிக்கவில்லை.

காசுக்காக இல்லாமல் கொள்கைக்காகக் கப்பலைத் தாக்கினால்?
– கல்லூரிப் பேராசிரியர், புதுச்சேரி

'சொந்த நோக்கம்' இருந்தால்தான் கடற்கொள்ளை என்கிறது உடன்படிக்கை. ஜப்பானியத் திமிங்கில வேட்டைக் கப்பல்களை மோதித் தொல்லை கொடுத்த 'சீ ஷெப்பர்ட்' அமைப்பு, நாங்கள் திமிங்கிலத்துக்காகச் செய்கிறோம், எங்களுக்கு என்ன சொந்த லாபம் என்று வாதாடியது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் ஏற்கவில்லை. எந்த அரசும் அனுப்பாமல் நீங்களாகப் போனால் அது சொந்த நோக்கம்தான் என்றது. கடற்கொள்ளையனுக்கு மரக்காலும் கண்மறைப்பும் வேண்டியதில்லை என்றுதான் அந்தத் தீர்ப்பே ஆரம்பிக்கிறது.