நடுப்பகல் வெயிலில் கடற்பறவைகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

வெப்பமண்டலத் தீவுகளில் நிழலே இல்லாத பாறையிலும் மணலிலும் முட்டையிடும் கடற்பறவைகள் உடல் சூட்டை எப்படித் தணித்துக்கொள்கின்றன, அவற்றுக்கு வியர்க்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வியர்க்காது. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பியே கிடையாது. அவற்றின் இயல்பான உடல் சூடே ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ். நமக்கென்றால் அது கடுங்காய்ச்சல்.

பசிபிக் கடலில் உள்ள காலபகஸ் தீவுகளின் பூபி என்னும் கடற்பறவைகள் முதுகை வெயிலுக்குக் கொடுத்து உட்காரும். சூரியன் நகர நகர அவையும் திரும்பிக்கொண்டே இருக்கும். நீலக்கால் பூபியின் முட்டைகளைச் சுற்றி எச்சம் வெள்ளை வளையமாகப் படிந்திருப்பது இதனால்தான். இப்படி உட்கார்ந்தால் இறகில்லாத தொண்டையும் சவ்வுப் பாதமும் அதன் சொந்த நிழலிலேயே இருக்கும். இரத்தம் நிறைய ஓடும் அந்த இடங்களின் வழியே சூடு வெளியேறும். ஜார்ஜ் பார்த்தலோமியு என்ற அமெரிக்க உயிரியலாளர் 1966இல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அதுவும் போதாவிட்டால், அலகைத் திறந்து தொண்டைத் தோலைப் படபடவென அதிரவைக்கும். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கொண்டுபோய்விடும். நாய் இளைப்பதைப்போல நெஞ்சு முழுவதும் அசைய வேண்டியதில்லை என்பதால் உழைப்பும் குறைவு.

அந்த ஈரத்துக்கு நன்னீர் ஏது? மீனில் உள்ள நீரும் கடல்நீரும்தான். மிஞ்சும் உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி பிரித்தெடுக்கிறது. பூபிக்கு வெளிமூக்குத் துளை மூடியிருப்பதால், உப்புநீர் அலகு நுனியில் சொட்டுச் சொட்டாக வடியும்.

அடைகாப்பது என்றால் சூடேற்றுவது என்றே நான் நெடுநாள் நினைத்திருந்தேன். கத்திரி வெயிலில் ஒருநாள் வேதாரண்யம் உப்பளத்து வரப்பில் ஆலா என்னும் கடற்பறவை ஒன்றைப் படமெடுக்க நெருங்கினேன். அது கத்திக்கொண்டு எழுந்து பறந்தது. மணல் குழியில் புள்ளி போட்ட இரண்டு முட்டைகள். உப்பு வாரிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, இந்தப் பக்கம் வந்துவிடு. முட்டை வெந்துவிடும்" என்று குரல் கொடுத்தார். கைவைத்துப் பார்க்க முடியாத சூட்டில் இருந்தது மணல். அந்தப் பறவை அதுவரை முட்டைகளுக்குக் குடையாகத்தான் உட்கார்ந்திருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. வெகுதூரம் தள்ளிப் போய்க் குந்தினேன். அது வாய்க்கால் நீரில் வயிற்றை இரண்டு முறை தோய்த்துக்கொண்டு வந்தது. சொட்டுகிற இறகோடு முட்டைகள்மேல் அமர்ந்து, அலகைத் திறந்து மூச்சு வாங்கியது.