முன்னணை என்றால் மெத்தையா?

கேள்வி: தாழ்மைக்குள் மறைந்திருக்கும் தேவ மகிமையைக் கண்டுகொள்வதுதான் திருச்சபையின் அடையாளம் என்கிறார் எங்கள் சபை ஐயர். பிறகு ஏன் ஊருக்கு ஊர் போட்டி போட்டுக் கோபுரம் கட்டுகிறார்கள்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கோபுரத்தை இன்ஜினியரிடம் கேளுங்கள். எனக்கு ‘அடையாளம்’ போதும்.

பேங்குக்கு ஒன்று, ரேஷன் கடைக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று என்று அடையாள அட்டையை ஜெராக்ஸ் எடுத்தே பாதி ஆயுள் போகிறது நமக்கு. லூக்கா சுவிசேஷத்தில் மேய்ப்பர்களிடம் தேவதூதனும் ஓர் அடையாளம் சொல்லித்தான் அனுப்புகிறான்: துணியில் சுற்றி, முன்னணையில் கிடத்திய பிள்ளை. துணியில் சுற்றாத கைக்குழந்தை எந்த ஊரில் இருக்கிறது? அதைக் கழித்துவிட்டால் மிச்சமிருக்கும் ஒரே அடையாளம் அந்த முன்னணைதான்.

முன்னணையா, வந்தது வம்பு. சின்ன வயதில் கிறிஸ்துமஸ் குடில் முன்னால் நின்றுகொண்டு, பஞ்சணை, தலையணை வரிசையில் இதுவும் ஒரு மெத்தை என்றே நம்பினேன். இலவம்பஞ்சா, தேங்காய் நாரா என்பதில் மட்டும் சந்தேகம். கிராமத்தில் சித்தி தன் வீட்டுத் தொழுவத்தில் கல்தொட்டியைக் காட்டி, “இதாண்டா அது” என்றபோது நான் நம்பவில்லை. மாடு நக்கி நக்கி விளிம்பு வழவழத்திருந்தது. அடியில் ஊறிய பிண்ணாக்கு, மேலே ஈ. கத்தோலிக்கரின் இன்றைய தமிழ் விவிலியம் ‘தீவனத் தொட்டி’ என்றே போட்டுவிட்டது. அதைப் பாராட்டி நான் நாலு வரி எழுதப்போக, ‘கேட்க நன்றாக இல்லை’ என்று மூன்று கடிதம் போட்டது தாங்கள்தான். நன்றாக இருக்கக் கூடாது ஐயா! கழுநீர் வாடை அடிக்க வேண்டும். மறைந்திருப்பது மகிமை என்கிறார் உங்கள் ஐயர். என் கணக்கில் காணாமல் போனது தொட்டி.

அந்தத் தொட்டி இருந்ததாகச் சொல்லும் பெத்லகேமிலேயே பாருங்கள். 4ஆம் நூற்றாண்டில் அங்கே கோயில் எழுந்தது. 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் காலத்தில் அதைப் பெரிதாக்கி, வாசலையும் பெரிதாக வைத்தார்கள். சிலுவைப்போர்க்காரர்கள் வந்து வளைவு வைத்துச் சுருக்கினார்கள். பிறகு அதையும் கல் வைத்து அடைத்து, சுமார் 4 அடி உயரத்துக்கு ஒரு பொந்தை மட்டும் விட்டார்கள். அடைத்த வாசல்களின் தடம் இன்றும் சுவரில் தெரிகிறது. அந்தப் பொந்துக்குப் பெயர் ‘தாழ்மையின் வாசல்’. கொள்ளையடிக்க வருகிறவன் குதிரையோடும் வண்டியோடும் உள்ளே புகுந்துவிடக் கூடாதென்று வைத்ததாகச் சொல்கிறார்கள். பயத்தில் வைத்த வாசலுக்குத் தாழ்மை என்று பெயர் வந்ததில் எனக்கு ஆட்சேபமில்லை. நம்மில் பலருடைய தாழ்மையும் அப்படி வந்ததுதான்.

உள்ளே குகையில், இயேசு பிறந்த இடம் இதுதான் என்று காட்டப் பளிங்குத் தரையில் 14 முனை வெள்ளி நட்சத்திரம். அது 1847இல் திருட்டுப் போக, யார் எடுத்தது என்று கிரேக்கச் சபையாரும் லத்தீன் சபையாரான கத்தோலிக்கரும் சண்டை போட, ஆளுக்கொரு பக்கம் ரஷ்யாவும் பிரான்சும் வந்து நிற்க, 1853இல் மூண்ட கிரிமியப் போருக்கு அதுவும் ஒரு காரணமாயிற்று.

இவ்வளவு சொன்னேனே, எனக்கு அந்தக் கோயில்மேல் பிரியம் வந்தது வேறொரு சண்டையால். 2011 டிசம்பர் கடைசியில், பண்டிகைக்காகக் கோயிலைச் சுத்தம் செய்யும்போது கிரேக்கத் துறவிகளும் அர்மீனியத் துறவிகளும் விளக்குமாற்றால் அடித்துக்கொண்டார்கள். பாலஸ்தீன போலீஸ் புகுந்து விலக்கிவிட்டது. அந்தப் போலீஸ்காரர்களும் நாலடி வாசலில் குனிந்துதான் வந்திருப்பார்கள். விவகாரம் இதுதான்: அங்கே ஓர் இடத்தை யார் பெருக்குகிறார்களோ அவர்களுக்கே அந்த இடத்தில் பாத்தியதை. ஒரு படியை விட்டுக்கொடுத்தால் போச்சு.

குனிந்து பெருக்கும் வேலை எனக்குத்தான் வேண்டும் என்று இரண்டு பேர் மோதிக்கொண்டதை எங்கள் ஆபீசில் 22 வருஷமாக நான் பார்த்ததில்லை.