கடனை அடைக்க ராணுவமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு 24 வயது. குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து ஒரு வருடம் ஆகப்போகிறது, வேலை இல்லை. எங்கள் வருமானம் அரசின் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். மாணவர் உதவித்தொகை வரம்பைக் கொஞ்சம் தாண்டியதால் வங்கிக் கடனில்தான் படித்தாள். ஜாமீன் கையெழுத்து என்னுடையது. இப்போது தென்னாப்பிரிக்க ராணுவத்தின் எம்.எஸ்.டி.எஸ். என்ற இரண்டு வருடப் பயிற்சித் திட்டத்துக்கு மனுப் போடுகிறேன் என்கிறாள். சாப்பாடும் தங்குமிடமும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், சம்பளம் அப்படியே கடனுக்குப் போகும் என்று கணக்குச் சொல்கிறாள். என் தங்கை 'கவர்மென்ட் வேலை, விடாதே' என்கிறாள். என் அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் என்ன சொல்வது?

– ஒரு அப்பா, சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள தம்பி,

உங்கள் மகளின் கணக்கில் தப்பு இல்லை. ஆனால் அது இரண்டு வருடத்தோடு நின்றுவிடுகிறது. மூன்றாவது வருடம் அவள் எங்கே நிற்பாள் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

உங்கள் தங்கை சொல்வதிலிருந்து தொடங்குகிறேன். எம்.எஸ்.டி.எஸ். என்பது நிரந்தர வேலை இல்லை. இரண்டு வருட ஒப்பந்தம். அது முடிந்ததும் காலி இடமும் பணமும் இருந்தால் சிலரை வைத்துக்கொள்வார்கள், மற்றவர்கள் வீட்டுக்கு வர வேண்டியதுதான். நாட்டின் ராணுவச் செலவு மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை, அதிலும் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடுகிறது. நிரந்தரமாகிவிட்டால் நல்ல இடம்தான். அரசு ஓய்வூதிய நிதியில் ஊழியர் 7.5 சதவீதம் கட்டினால் சீருடைப் பணியாளர்களுக்கு அரசு 16 சதவீதம் போடுகிறது, மருத்துவச் செலவும் மிச்சம். ஆனால் அந்த வசதிகளை நம்பி இன்றைக்கே கையெழுத்துப் போட முடியாது.

இன்னொன்று, அவள் இன்ஜினியர். பட்டம் மட்டும் இருந்தால் இங்கே முழு இன்ஜினியர் ஆகிவிட முடியாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். பொறியியல் கவுன்சிலில் முதலில் கேண்டிடேட்டாகப் பதிவு செய்து, அனுபவமுள்ளவர்களின் மேற்பார்வையில் குறைந்தது மூன்று வருடம் உண்மையான பொறியியல் வேலை பார்த்திருந்தால்தான் ப்ரொஃபஷனல் பதிவு கிடைக்கும். அணிவகுப்பும் காவல் பணியும் அந்தக் கணக்கில் ஏறாது. அதனால் நேர்முகத் தேர்வில் சம்பளத்தைவிட முக்கியமாக அவள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: 'என்னை எந்தப் பிரிவில் போடுவீர்கள், என் வேலைக்குக் கையெழுத்துப் போடப் பதிவுபெற்ற இன்ஜினியர் அங்கே இருக்கிறாரா?' கடற்படையின் தொழில்நுட்பப் பிரிவில் இடம் என்று எழுத்தில் கொடுத்தால் என் மனம் மாறும். கப்பல் எஞ்சின் அறையில் கற்றதை டர்பன் துறைமுகத்திலும் விற்கலாம். பொதுவான காலாட்படைச் சேர்க்கை என்றால், என் பெண்ணாக இருந்தால் நான் தடுப்பேன்.

அவளுக்கு ஏன் வேலை கிடைக்கவில்லை என்றும் யோசித்தேன். அவள் சோம்பேறி இல்லை, ஊர் மாறிவிட்டது. டர்பன் தெற்கில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இருந்தன. மெரபேங்க், வென்ட்வொர்த் பக்கம் எத்தனை குடும்பங்கள் அவற்றின் புகையைத் திட்டிக்கொண்டே அவற்றால் சாப்பிட்டன! எஞ்சன் ஆலை 2020 டிசம்பர் தீவிபத்துக்குப் பிறகு சுத்திகரிப்புக்குத் திரும்பவில்லை. சாப்ரெஃப் 2022 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அடுத்த மாதமே வெள்ளமும் புகுந்தது. மெக்கானிக்கல் படித்த பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே இருந்த பெரிய கதவுகள் இரண்டும் சாத்தப்பட்டுவிட்டன. அவள் ஜோஹானஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்துக்கும் மனுப் போட வேண்டும். ராணுவத்துக்காக வீட்டை விட்டுப் போகத் தயார் என்றால் மிடில்பர்க் பக்கம் ஒரு மின்நிலையத்துக்கும் போகலாமே.

அப்புறம் உங்கள் அம்மா. அவரைப் பழங்காலத்து மனுஷி என்று ஒதுக்காதீர்கள். டர்பன் விரிகுடாவில் இருக்கும் சாலிஸ்பரி தீவை நினைத்துப் பாருங்கள். 1961இல், நிறவெறி ஆட்சியில், 'இந்தியர்களுக்கு மட்டும்' என்று பல்கலைக்கழகக் கல்லூரியைக் கடற்படை விட்டுப்போன கட்டடங்களில்தான் திறந்தார்கள், நம் பிள்ளைகள் படகேறிப் போய்ப் படித்தார்கள். கல்லூரி வெஸ்ட்வில்லுக்கு மாறிய பிறகு, எழுபதுகளில் அதே தீவில் இந்திய இளைஞர்களுக்கென்று ஜல்சேனா என்ற கடற்படைப் பயிற்சி நிலையம் வந்தது. ஓட்டுரிமை கொடுக்காத அரசு துப்பாக்கியை மட்டும் கொடுத்தது. 1984இல் வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று தனித்தனி அவைகளோடு மூன்று அவைப் பாராளுமன்றம் வந்தபோது, வெள்ளையர்களைப் போல நம் பையன்களையும் கட்டாயமாக இழுத்துப் போவார்களோ என்று வீடு வீடாகப் பயந்தார்கள். அந்தப் பயத்தோடு பிள்ளை வளர்த்த தலைமுறை அது. இன்றைக்கு இருப்பது வேறு ராணுவம், நாம் ஓட்டுப் போட்டு உண்டான நாட்டின் ராணுவம். அதில் சேர்வது மானக்கேடு இல்லை, பெருமைதான். இதை ஆயாவிடம் பேத்தியே உட்கார்ந்து சொல்லட்டும்.

ஆனால் ஆயாவின் பயத்தில் பாதி இன்றைக்கும் நிஜம். 2025 ஜனவரியில் கிழக்குக் காங்கோவில் கோமா, சாக்கே பக்கம் நம் வீரர்கள் 14 பேர் இறந்தார்கள். 2023 செப்டம்பரில் கேப் டவுனுக்கு அருகே நீர்மூழ்கிக் கப்பலின் மேல்தளத்தில் இருந்தவர்களை அலை அடித்துக்கொண்டு போனதில் மூன்று பேர் போனார்கள், அவர்களில் ஒருவர் பெண் அதிகாரி. சம்பளப் பட்டியலில் இதற்கு ஒரு வரி கிடையாது. எந்த ஒப்பந்தம் என்றாலும், போ என்றால் போகத்தான் வேண்டும். நாட்டுக்காக அந்த வாழ்க்கையே வேண்டும் என்று அவள் நினைத்தால், நீங்களும் நானும் குறுக்கே நிற்கக் கூடாது. கடனுக்காக மட்டும் என்றால் போக வேண்டாம். அப்பாவின் ஜாமீன் கையெழுத்தைக் காப்பாற்ற ஒரு பெண் தன் உயிரைப் பணயமாக வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது, தம்பி. ஒருவேளை அவள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் இதுவாகவே இருக்கலாம். கேளுங்கள், நேராகக் கேளுங்கள்.

கடனுக்கு வேறு வழி தேடலாம். தவணை தவறுவதற்கு முன்பே இருவரும் வங்கிக்குப் போங்கள். வேலை கிடைக்காத பட்டதாரிக்கு அவகாசம் உண்டா, கொஞ்ச காலம் வட்டியை மட்டும் கட்டலாமா என்று கேளுங்கள். தவறிய பிறகு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும், உங்கள் பெயரும் கெடும்.

அவசரமும் இல்லை. பட்டதாரிகளை 26 வயது வரை எடுக்கிறார்கள். இந்த வருடம் கேண்டிடேட் பதிவைச் செய்யட்டும். ரயிலும் துறைமுகமும் நடத்தும் டிரான்ஸ்நெட், மின்சாரம் தரும் எஸ்காம், டொயோட்டா மாதிரி இடங்களில் பயிற்சிப் பணிக்கு மனுப் போடட்டும். ஆம்ஸ்கோரையும் விட வேண்டாம். ராணுவத்துக்கான தளவாடங்களை வாங்கித் தரும் நிறுவனம் அது, சைமன்ஸ் டவுனில் கடற்படைக் கப்பல்களைப் பழுதுபார்க்கும் தளமும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. கப்பல்தான் அவள் ஆசை என்றால், சீருடை போடாமலே அங்கே கப்பலைத் தொடலாம்.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தால், என்ன பிரிவு சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா