ரப்பர்த் தோட்டத்துத் தேனுக்கு மல்லிகைப் பூ லேபிளா?

வீட்டிலும் சிறு கூடத்திலும் பொருள் செய்து விற்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, நாகர்கோவிலில் லேபிள் வடிவமைத்து அச்சிட்டுத் தரும் வாசகி ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: ரப்பர்த் தோட்டத்தில் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிறோம். இதுவரை மொத்தமாகக் கொடுத்தோம். இனி சொந்தப் பெயரில் பாட்டிலில் விற்க எண்ணம். மல்லிகையும் முல்லையும் பூத்துக் கிடக்கிற மாதிரி லேபிள் செய்து வந்திருக்கிறது. இது போதுமா? ஊர்ப் பெயரைக் காக்கும் புவிசார் குறியீட்டு முத்திரை போட்டுக்கொள்ளலாமா? (அருமனை வாசகர்)

அண்ணாச்சி, படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதிலுள்ள எந்தப் பூவிலிருந்தும் உங்கள் தேன் வரவில்லை. ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தை, மாசி வாக்கில் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேருகிற இடத்தில் ஊறும் இனிப்பு நீரைத்தான் உங்கள் தேனீக்கள் எடுக்கின்றன. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். சென்னையில் கடையில் நின்று பாட்டிலைத் திருப்பிப் பார்க்கிறவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவதற்காகத்தான் லேபிளே ஒட்டுகிறோம். உள்ளே இல்லாததைக் காட்டி வாங்குபவரை ஏமாற்றும் படத்தைச் சட்டமும் ஏற்காது.

அந்த மூவிலையையே படமாகப் போடுங்கள். "ரப்பர்த் தோட்டத்துத் தேன்" என்று முகப்பிலேயே எழுதுங்கள். ரப்பர் என்றதும் வாங்குகிறவர் தயங்குவார் என்று பயம் வரும். பக்கவாட்டில் மூன்று வரி எழுத இடம் இருக்கிறதே! இலைக்காம்பில் ஊறுவது, மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மறுசீரமைப்பு வேலையோடு தேனீ வளர்ப்பு வேரூன்றியது, உங்கள் குடும்பம் எத்தனை தலைமுறையாகப் பெட்டி வைக்கிறது என்பது: இதைவிட நல்ல விளம்பரம் எந்த மல்லிகைப் படத்திலும் கிடைக்காது.

இன்னொரு வரியும் கட்டாயம் வேண்டும் என்பேன். ரப்பர்த் தேன் சீக்கிரம் உறையும். அடியில் வெள்ளையாக உறைந்ததைப் பார்த்ததும் சீனிப்பாகு கலந்திருக்கிறார்கள் என்று பாட்டில் திரும்பி வரும். "உறைவது தேனின் இயல்பு. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும்" என்று அச்சிட்டுவிடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்பதையும் சேருங்கள். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவுகிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிரின் வித்து, பெரியவர்களை ஒன்றும் செய்யாவிட்டாலும், அந்த வயதுக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். உங்கள் லேபிளைப் படித்து ஒரு பாட்டி கையை நிறுத்தினால் அது பெரிய காரியம்.

அளவைக் கிராமில் போடுங்கள், மில்லிலிட்டரில் வேண்டாம். தேனை எடையில்தான் விற்க வேண்டும். தேன் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனம். அரை லிட்டர் பாட்டிலில் சுமார் 700 கிராம் பிடிக்கும். பாட்டிலின் கொள்ளளவைப் பார்த்து 500 என்று போட்டு நஷ்டப்படுகிறவர்களும் உண்டு.

மார்த்தாண்டம் தேனுக்கும் நம் மட்டி வாழைக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மைதான். அதனால் இந்த ஊர்க்காரர் எல்லாரும் முத்திரையை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம் என்று ஆகாது. சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில், அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று உங்கள் பெயரைப் பதிந்தபிறகே போடலாம். அதுவரை முத்திரைக்கு லேபிளில் ஒரு இடம் விட்டு வையுங்கள். பதிவு செய்யத் தவறாதீர்கள். வெளியூர்ப் பாகு நம் ஊர்ப் பெயரில் விற்கும்போது தட்டிக் கேட்க அந்தப் பதிவு வேண்டும்.

கேள்வி: எங்களுடையது பனை ஏறும் குடும்பம். கருப்பட்டிப் பாக்கெட்டில் "சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம், 100 சதவீதம் இயற்கை" என்று போட்டால் நன்றாக விற்கும் என்கிறார்கள். போடலாமா? (ராஜாக்கமங்கலம் வாசகி)

போடாதீர்கள் தங்கச்சி. என் அம்மாவுக்குச் சுகர். பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, அதை அப்படியே நம்புகிறவர். கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ். வெள்ளைச் சீனியிலும் அதுதான். கருப்பட்டிக்கு மணமும் ருசியும் தனி, தாதுக்களும் கொஞ்சம் உண்டு, ஆனால் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அந்த ஒரு வரியை நம்பி என் அம்மாவைப் போன்ற ஒருவர் தினமும் இரண்டு வேளை கருப்பட்டிக் காப்பி குடித்தால் அந்தக் கேடு யார் தலையில்?

ஒரு நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று உணவின் மேல் எழுதுவதை 2018ஆம் ஆண்டின் விளம்பர, உரிமைகோரல் விதிமுறைகள் தடுக்கின்றன. நீரிழிவைக் குணமாக்கும் என்று மருந்துபோல விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் வைத்திருக்கிறது. "இயற்கை", "தூய", "பாரம்பரிய" என்ற சொற்களுக்கும் அதே 2018 விதிமுறைகளில் நிபந்தனை உண்டு. "பாரம்பரிய" என்று எழுத, அந்தச் செய்முறை குறைந்தது 30 வருடமாகத் தலைமுறை தாண்டி வந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது நிச்சயம் இருக்கும். அதைத் தாராளமாக எழுதுங்கள்.

உங்களிடம் சொல்வதற்கு உண்மையே நிறைய இருக்கிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீர், அதைக் காய்ச்சிய ஊர், எந்தப் பருவத்துக் கருப்பட்டி, சீனி சேர்க்கவில்லை என்பது. கடைசியாகச் சொன்னது உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். சீனிப்பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் எவ்வளவு ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். கலந்தவர் பொருட்பட்டியலில் சீனியையும் காட்டியாக வேண்டும்.

கேள்வி: ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போடுகிறோம். தேங்காய் எண்ணெயோடு பாமாயிலும் சேரும். முன்பக்கம் "தேங்காய் எண்ணெயில் பொரித்தது, ஹோம்மேட்" என்று போட்டுப் பின்பக்கம் "சமையல் எண்ணெய்" என்று விடலாமா? இடம் போதாததால் எழுத்தை நெருக்கி ஒடுக்கமாக வைத்தால் பரவாயில்லையா? (திங்கள்நகர் வாசகர்)

இரண்டுக்கும் கூடாது என்பதே பதில். எந்த எண்ணெய் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். பொருட்பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும்: ஏத்தங்காய், பிறகு எண்ணெய்கள் அவற்றின் அளவுப்படி, உப்பு, மஞ்சள்தூள். பாமாயில் கூடுதலாக இருந்தால் அதற்குப் பின்னால்தான் தேங்காய் எண்ணெய் வரும். முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் வேறொன்றுமாகச் சொன்னால், வாங்குகிறவர் முன்பக்கத்துக்குத்தான் காசு கொடுத்திருக்கிறார். முழுக்கத் தேங்காய் எண்ணெயில் ஒரு வகை போட்டுக் கூடுதல் விலைக்கு விற்றுப் பாருங்கள். நம் மாவட்டத்தில் அதற்கு ஆள் உண்டு. வாங்குபவருக்குத் தவறான எண்ணம் தரும்படி "ஹோம்மேட்" என்று போடவும் விதி விடாது. கூடம் வாடகைக்கு எடுத்து ஆள் வைத்துப் பொரித்தால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள்.

எழுத்தை ஒடுக்குவதற்கும் எல்லை வைத்திருக்கிறார்கள். பொதிந்த பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, கட்டாய விவரங்களில் எழுத்தின் அகலம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. இடம் வேண்டுமானால் பின்பக்கத்து வாழைமரப் படத்தை எடுங்கள். எடையை எழுதும்போது ஆங்கிலத்தில் சின்ன "ஜி" எழுத்து ஒன்று மட்டும் போதும். "ஜிஎம்எஸ்" என்று நீட்டக் கூடாது. எம்.ஆர்.பி.யுடன் ஒரு கிராமுக்கு என்ன விலை என்றும் வர வேண்டும். 250 கிராம் 120 ரூபாய் என்றால் கிராமுக்கு 48 காசு. காலாவதித் தேதி தனியாக வேண்டும். "இதற்குமுன் உண்பது நல்லது" என்ற வரி அதற்கு ஈடாகாது. சைவம் என்று காட்டும் பச்சை வட்டக் குறியைப் பின்னால் ஒளிக்காமல் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் வையுங்கள்.

கேள்வி: தமிழில் மட்டும் லேபிள் போட்டால் அதிகாரிகள் குற்றம் சொல்வார்களா? நான் கருவாடு பாக்கெட் போடுகிறேன். (குளச்சல் வாசகி)

சொல்வார்கள். கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும். அதோடு தமிழையும் சேர்க்கத் தடை இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் தமிழைப் பெரிதாக வைத்து ஆங்கிலத்தைக் கீழே வைப்பேன்.

கருவாட்டுக்கு அசைவக் குறியாகப் பழுப்புக் கட்டத்துக்குள் பழுப்பு முக்கோணம் வரும். பழைய பழுப்பு வட்டத்தை இன்னும் சிலர் போடுகிறார்கள். நிறம் பிரித்தறிய முடியாதவருக்குப் பச்சை வட்டமும் பழுப்பு வட்டமும் ஒன்றாகவே தெரிந்ததால்தான் உருவத்தையே மாற்றினார்கள். "ஒவ்வாமை: மீன்" என்று தனி வரி போடுங்கள். இறால் கருவாடும் அதே இடத்தில் காய்ந்தால் இறாலையும் சேருங்கள், ஏனென்றால் மீன் ஒத்துக்கொண்டு இறால் மட்டும் ஒத்துக்கொள்ளாத ஆட்கள் இருக்கிறார்கள். புகார் சொல்லத் தொலைபேசி எண் வேண்டும். யாராவது எடுத்துப் பேசுகிற எண்ணாக இருக்கட்டும்.

கேள்வி: அக்கா, இப்போதுதான் லேபிள் டிசைன் செய்யத் தொடங்கியிருக்கிறேன். பாமினி எழுத்துருவில் அடித்துச் சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பினால் எழுத்தெல்லாம் மாறி வருகிறது. கம்ப்யூட்டரில் தெளிவாகத் தெரிவது அச்சில் மசங்குகிறது. (கருங்கல் வாசகி)

மக்களே, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். அனுப்பும் முன் எழுத்துகளை எல்லாம் கர்வ்ஸ் ஆக்கிவிடு, அதாவது வெறும் கோட்டுருவமாக மாற்றிவிடு. அப்புறம் அங்கே எழுத்துரு இல்லாவிட்டாலும் மாறாது. ஆனால் கர்வ்ஸ் ஆக்கியபின் பிழை திருத்த முடியாது. அதனால் முதலில் பொருள் செய்கிறவரை உட்காரவைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல். நீ படித்தால் போதாது, உனக்கு அது மனப்பாடம் ஆகியிருக்கும்.

மசங்குவதற்குக் காரணம் நம் எழுத்தின் சுழி. ண, ஞ, இ இவற்றின் சின்ன வளையங்களுக்குள் மை அடைத்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு வைக்கிற அளவையே தமிழுக்கும் வைத்தால் இப்படித்தான் ஆகும். தமிழ் எழுத்தின் அளவை ஓரிரு புள்ளி (பாயின்ட்) கூட்டு. சின்ன எழுத்தைக் கறுப்பு ஒன்றில் மட்டும் அடிக்கக் கொடு. நான்கு நிறமும் கலந்த கறுப்பில் அச்சுத் தட்டு ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். அடர்நிறத்தின் மேல் வெள்ளை எழுத்தாகப் பொருட்பட்டியலை வைக்கவே வைக்காதே.

தேதியும் பேட்ச் எண்ணும் அடிக்கிற இடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். லேபிள் முழுக்கப் பளபளவென்று லேமினேஷன் போட்டால் ரப்பர் ஸ்டாம்ப் மை காயாமல் விரலோடு வந்துவிடும். நம் ஊரில் இரண்டு மழைக்காலமும் உண்டு, காற்றில் எப்போதும் ஈரம். அந்த இடத்தை மட்டும் வார்னிஷ் இல்லாமல் விடச் சொல். தெர்மல் பிரிண்டரில் தேதி அடித்தால் ரிப்பன் உள்ள வகையில் அடி. ரிப்பன் இல்லாத தாள் வெயிலிலும் எண்ணெயிலும் வெளிறிப்போகும். அப்புறம் தேதியே இல்லாத பாக்கெட்டாகக் கடையில் நிற்கும். எண்ணெய்ப் பண்டத்துக்குக் குரோமோ தாள் (பளபளப்புக் காகிதம்) வேண்டாம், பிளாஸ்டிக் பிலிம் ஸ்டிக்கர் எடு.

பார்கோடைச் சிவப்பில் போடச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடு. கடைகளிலுள்ள ஸ்கேனர்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளியில் படிப்பவை. சிவப்புக் கோடு அவற்றுக்கு வெள்ளையாகவே தெரியும். இரண்டு ஓரத்திலும் வெற்றிடம் விடு.

கேள்வி: தேங்காய் எண்ணெயில் குளியல் சோப்பு செய்கிறேன். எண்ணெய்க்கு வாங்கிய எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணையே சோப்பிலும் போடலாமா? (ஈத்தாமொழி வாசகி)

கூடாது. அந்த 14 இலக்க எண் உணவுக்கு மட்டும். குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தயாரிப்பு உரிமம் எடுத்து, அந்த எண்ணைத்தான் போட வேண்டும். உரிமம் வருமுன் லேபிள் அச்சடிக்கக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கன்னியாகுமரியில் கடை வைத்திருக்கிறேன். சீசன் நேரத்தில் எம்.ஆர்.பி. மேல் வேறு விலை ஸ்டிக்கர் ஒட்டலாமா? (கடைக்காரர் ஒருவர்)

விலையைக் குறைப்பதற்கு ஒட்டலாம். அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. கூட்டுவதற்கு ஒட்டவே கூடாது. கடல் பார்க்க எங்கிருந்தோ வருகிறவர்தானே, திரும்பி வரப்போகிறாரா என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் வாங்கிப் போகிற பாக்கெட்டில் நம் ஊர்ப் பெயர் அச்சாகி இருக்கிறது. எடையளவுப் புகார்களைத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறை பார்க்கிறது, அங்கே யாரும் புகார் கொடுக்கலாம்.