ரயிலடிப் பக்கம் சொந்த வீடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வேலை கிண்டியில், மனைவிக்கு எழும்பூரில். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். பத்திரச் செலவு உட்பட 45 லட்சத்துக்குள் ஒரு வீடு வேண்டும். தாம்பரத்துக்கு அப்பால் பார்க்கிறோம். எல்லா விளம்பரத்திலும் ‘ஸ்டேஷனுக்கு 5 நிமிடம்’ என்றே போடுகிறார்கள். எதை நம்புவது?
– கே.எஸ்., கோடம்பாக்கம்

உங்கள் இரண்டு அலுவலகமும் கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு தடத்திலேயே இருப்பது பெரிய வசதி. நடுவில் வண்டி மாறும் வேலை இல்லை. அதனால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில் என்று இந்தத் தடத்தை விட்டு விலகாமல் தேடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மின்சார ரயில்களில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். அதைத் தாண்டினால் வண்டிக்கு வண்டி இடைவெளி கூடும், ஞாயிற்றுக்கிழமையில் இன்னும் கூடும். ஆகவே வீட்டைப் பார்ப்பதற்கு முன் அந்த நிலையத்தின் கால அட்டவணையைப் பாருங்கள். காலை 7 முதல் 9 வரை எத்தனை வண்டி, இரவு எழும்பூரிலிருந்து 9 மணிக்குமேல் எத்தனை வண்டி என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தின் ‘5 நிமிடம்’ பெரும்பாலும் காலி ரோட்டில் பைக்கில் போகிற 5 நிமிடம். நடையில் 5 நிமிடம் என்றால் சுமார் 400 மீட்டர்தான். வீட்டு வாசலிலிருந்து நடைமேடை வரைக்கும் நடந்தே அளந்து பாருங்கள். வீடு தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம், டிக்கெட் கவுன்ட்டர் எந்தப் பக்கம், நடுவில் நடைமேம்பாலமா, சுரங்கப்பாதையா, ரயில்வே கேட்டா என்பதில்தான் பத்து நிமிடம் கூடுவதும் குறைவதும். மழை பெய்தால் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்குமா என்று நிலையத்துக்கு வெளியே இருக்கும் டீக்கடையில் கேளுங்கள். ஒரு வேலைநாளில் காலை வண்டியிலும் இரவு வண்டியிலும் போய்வந்து பார்த்த பிறகே முன்பணம் பற்றிப் பேசுங்கள். உங்கள் மனைவி இரவு 9 மணிக்கு நடந்து வரக்கூடிய தெருவா, விளக்கு எரிகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

தூரமாக இருப்பதால் மலிவு என்கிற வீட்டுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஷேர் ஆட்டோவுக்கு ஒருவருக்கு ஒரு தடவை 20 ரூபாய் என்று வைத்தால், இருவர் போய்வர நாளுக்கு 80. மாதம் 25 நாளுக்கு 2,000. வட்டி 8.5 சதவீதம், 20 வருடக் கடன் என்றால் லட்சத்துக்கு மாதத் தவணை 868 ரூபாய். அந்த 2,000 ரூபாய் சுமார் 2.3 லட்சம் கடனுக்கான தவணை. ஆகவே நடந்து போகும் தூரத்தில் இருக்கும் வீடு 2 லட்சம் கூடுதலாக இருந்தாலும் உங்களுக்கு நஷ்டம் இல்லை. நேரமும் மிச்சம்.

கேள்வி: விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லி விலையை ஏற்றிக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

வேண்டாம். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறந்து இயங்குகிறது. அதற்கு விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. ஓடாத ரயிலுக்கு இன்றைக்கே விலை கொடுத்தால், அது ஓடும் வரைக்கும் தவணை கட்டப்போவது நீங்கள்தான்.

கேள்வி: கூடுவாஞ்சேரி பக்கம் 1,000 சதுர அடி மனையில் பழைய தனி வீடு. உரிமையாளர் மனை வாங்கியது 2012-ல். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்கிறார். பக்கத்தில் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற மனைகளைவிட விலை நன்றாகவே குறைவு. வாங்கலாமா?
– ஆர்.எம்., பல்லாவரம்

விலை குறைந்ததற்குக் காரணமே அந்த ‘அப்ரூவல்’தான். மனைப்பிரிவுக்கு அனுமதி தருகிற அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. அனுமதி எண் இருந்தால்தான் அது அங்கீகரிக்கப்பட்ட மனை.

ஆனாலும் உடனே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 20.10.2016-க்கு முன் மனையாகவே பத்திரம் பதிவானவற்றை வரன்முறைப்படுத்த, அதாவது கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கீகரிக்க, 2017-ல் விதிகள் வந்தன. உங்களுக்கு வேண்டியது அந்த வரன்முறை உத்தரவின் நகல். அதில் உங்கள் மனை எண்ணும் சர்வே எண்ணும் இருக்க வேண்டும். ‘அப்ளை பண்ணியிருக்கு’ என்ற ரசீது போதாது. உத்தரவு இல்லை என்றால், உரிமையாளரே கட்டணம் கட்டி வாங்கித் தந்த பிறகு கிரயம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அது இல்லாமல் வாங்கினால் வங்கிக் கடனும் மேல்மாடி கட்டும் அனுமதியும் சிக்கும். மனை நீர்நிலையிலோ வாய்க்காலிலோ புறம்போக்கிலோ விழுந்தால் வரன்முறையே கிடையாது. வீட்டுக்குக் கட்டட அனுமதி வரைபடம் இருக்கிறதா, வீடு அதன்படி நிற்கிறதா என்பதையும் தனியாகப் பாருங்கள்.

பத்திரங்களில் முதலில் அசல் மூலப்பத்திரங்கள். நகலை மட்டும் காட்டினால் அசல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை 30 வருடத்துக்குப் போடுங்கள். ஆனால் பதிவாகாத உயிலும் பதிவாகாத ஒப்பந்தமும் அதில் தெரியாது. அதனால் உரிமையாளர் இறந்து வாரிசுகள் விற்கும் சொத்து என்றால் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லாரும், மகள்கள் உட்பட, கையெழுத்துப் போட வேண்டும்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர்–ஏர் கணக்கில் இருக்கும். 1 ஏர் சுமார் 1,076 சதுர அடி. உங்கள் 1,000 சதுர அடி 0.93 ஏர் வர வேண்டும். பத்திரத்தில் 1,000 என்று எழுதி, பட்டாவில் 0.80 மட்டும் இருந்தால் 140 சதுர அடி காகிதத்தில்தான் இருக்கிறது. பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா கேளுங்கள். கிரயத்துக்கு முன்பே சர்வேயரை வைத்து புலப்பட வரைபடத்தோடு (சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம்) ஒப்பிட்டு நான்கு பக்கமும் அளந்துவிடுங்கள்.

கேள்வி: 45 லட்சம் விலையுள்ள பழைய வீட்டுக்குக் கையில் எவ்வளவு ரொக்கம் வேண்டும்?
– எஸ்.பி., ஆவடி

கடன் தொகை 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சம் வரை என்றால், சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்குமேல் வங்கி தர முடியாது. இது ரிசர்வ் வங்கியின் வரம்பு. ஆக அதிகபட்சம் 36 லட்சம். மீதி 9 லட்சம் உங்களுடையது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம்: 4.05 லட்சம். இதைக் கடனில் சேர்க்க மாட்டார்கள். வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பு) 45 லட்சத்துக்குமேல் இருந்தால் அதற்குத்தான் கட்ட வேண்டும். முன்கூட்டியே தெரு வாரியாகப் பார்த்துவிடுங்கள். (புது அடுக்ககத்தின் முதல் விற்பனைக்கு விகிதம் குறைவு.) தரகு, வக்கீல் கட்டணம், வங்கிச் செலவு சேர்த்தால் 14 லட்சம் இல்லாமல் இறங்காதீர்கள். முதல் கேள்வி கேட்ட வாசகருக்கும் இதே கணக்குத்தான்: பத்திரச் செலவு உட்பட 45 லட்சம் என்றால் 41 லட்சத்துக்குமேல் வீடு பார்க்கக் கூடாது.

கேள்வி: வெயில் காலத்தில் வீடு பார்க்கிறோம். வெள்ளம் வருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், பெருங்களத்தூர்

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை உங்கள் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அண்டை வீட்டாரிடம் ‘தண்ணி எதுவரை வந்தது’ என்று நேராகக் கேளுங்கள். வீட்டின் தரைமட்டம் ரோட்டைவிட உயரமா என்று பாருங்கள். ரோடு போடப் போட உயர்ந்து, பழைய வீடுகள் பள்ளத்தில் சிக்கிக்கொள்கின்றன. புது வெள்ளைக்கு அடியில் சுவர் இரண்டடி உயரம் வரை உப்புப் பூத்திருந்தால் அது தண்ணீர் நின்ற அடையாளமாக இருக்கலாம். ஊர்ப் பெயரில் தாங்கல், ஏந்தல் என்று வந்தால் அங்கே ஒரு காலத்தில் நீர்நிலை இருந்திருக்கிறது. எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று காட்டும் கிராம ‘அ’ பதிவேட்டில் உங்கள் சர்வே எண்ணோடு சுற்றியிருக்கும் எண்களையும் பாருங்கள்; பக்கத்து எண் வாய்க்கால் என்று இருந்து, தரையில் அங்கே வாய்க்கால் இல்லை என்றால், மழைத் தண்ணீர் உங்கள் தெரு வழியாகத்தான் போகும்.