சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த பிரேக் பேடு சரியாக இருக்கும்?

சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டைதான் பிரேக் பேடு. காரின் வேகத்தை உராய்வு வெப்பமாக மாற்றுகிறது. அதனால் பேடு எந்தச் சூட்டில் நன்றாகப் பிடிக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ரேஸ் பேடு நன்கு சூடேறிய பிறகே முழுதாகப் பிடிக்கும். காலையில் வண்டியை எடுத்ததும் முதல் சிக்னலில் அது மந்தமாக இருக்கும், கீச்சிடும், டிஸ்க்கையும் தேய்க்கும். ஆணி வைத்த ஓட்டப்பந்தய ஷூவைப் போட்டு டைல்ஸ் தரையில் நடப்பது போலத்தான். சாதாரண பேடு நேர்மாறு: குளிரிலேயே பிடிக்கும், ஆனால் நீண்ட மலை இறக்கத்தில் அளவுக்கு மீறிச் சூடானால் பிடி தளரும்.

பல பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதலாவது சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வு, அடுத்தது அதிகச் சூட்டில். 'எஃப்' (F) என்றால் உராய்வுக் கெழு, அதாவது பிடியின் அளவைக் காட்டும் எண், 0.35 முதல் 0.45 வரை. இரண்டாம் எழுத்து 'இ' (E) என இறங்கினால், சூட்டில் பிடி குறைகிறது என்று பொருள்.

தினசரி ஓட்டத்துக்கு செராமிக் (பீங்கான் இழை கலந்த) பேடு போதும்; தூசியும் சத்தமும் குறைவு. மலைப்பாதையில் வேகமாக ஓட்டுபவர் என்றால் சாலைக்கான செமி மெட்டாலிக் (உலோகம் கலந்த) பேடு வாங்குங்கள். அப்புறம், பழைய பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். ஈரம் ஏறிய ஆயில் சீக்கிரம் கொதித்து, பெடல் தொளதொளவென இறங்கும்.

விலை உயர்ந்த பேடு போட்டால் கார் சீக்கிரம் நிற்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இருக்கிற பேடே ஏபிஎஸ்ஸை (சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பை) வேலை செய்ய வைக்கிறது என்றால், நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிதான்.